போனோடு வரும் பேட்டரி மேனேஜர் போதுமா? தர்மபுரி–கிருஷ்ணகிரி ஓட்டத்தில் ஒரு மதிப்பீடு

தர்மபுரி பஸ் ஸ்டாண்டைச் சுற்றியுள்ள மொபைல் கடைகளில் அரை மணி நேரம் நின்றால் இந்தப் பேச்சு ஒரு தடவையாவது காதில் விழும். "அண்ணா, காலைல ஃபுல் சார்ஜ் போட்டேன், மத்தியானம் சோறு திங்கிறதுக்குள்ள முப்பதுக்கு வந்துடுச்சு." கடைக்காரர் போனை வாங்கி, கீழிருந்து மேலே ஒரு தள்ளு தள்ளி, வரிசையாக நிற்கும் பதினெட்டு ஆப்பையும் 'க்ளியர் ஆல்' அடிப்பார். "இத்தனை ஆப் ஓடுனா எப்படித் தம்பி நிக்கும்?" கையோடு ஒரு க்ளீனர் ஆப்பையும் ஏற்றிக் கொடுப்பார். வைத்தியம் முடிந்தது. மறுநாள் மத்தியானமும் அதே முப்பதுதான்.

இங்கே மதிப்பிடுவது ஆண்ட்ராய்டு போனுடனே வருகிற பேட்டரி மேனேஜரை. செட்டிங்ஸுக்குள் 'பேட்டரி' என்ற பெயரில் சத்தமில்லாமல் கிடக்கும். காசு கிடையாது, தனியாக இறக்க வேண்டியதும் இல்லை. முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம்: ஆப்களை அடக்கும் வேலையில் இதை மிஞ்ச வெளி ஆப் எதுவும் இல்லை. ஆனால் நம் இரண்டு மாவட்டங்களிலும் பேட்டரியைத் தின்பதில் ஆப்களுக்குப் பங்காளிகள் இரண்டு பேர் உண்டு. ஒன்று சிக்னல், இன்னொன்று வெயில். அந்த இரண்டு விஷயத்திலும் இந்த மேனேஜர் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கும்.

'க்ளியர் ஆல்' ஏன் பலிப்பதில்லை

ரீசன்ட் திரையில் நிற்கும் சீட்டுகள் எல்லாமே ஓடிக்கொண்டிருக்கும் ஆப்கள் என்பது தப்புக் கணக்கு. கடைசியாக எதையெல்லாம் திறந்தீர்கள் என்ற பட்டியல் அது. திரையை விட்டு விலகிய ஆப் பெரும்பாலும் ரேமில் சும்மா உட்கார்ந்திருக்கும். ஆண்ட்ராய்டு 14-ல் அப்படி உட்கார்ந்திருப்பவற்றைக் கொஞ்ச நேரத்தில் உறைய வைத்து, பிராசசர் பக்கமே அண்ட விடுவதில்லை. ரேம் நிறைந்திருந்தாலும் காலியாக இருந்தாலும் அது இழுக்கும் மின்சாரம் ஏறத்தாழ ஒன்றுதான். அடித்து மூடிய ஆப்பை ஐந்து நிமிடம் கழித்துத் திறந்தால் மொத்தத்தையும் முதலிலிருந்து ஏற்ற வேண்டும். கொதித்த வெந்நீரைக் கொட்டிவிட்டு மறுபடி பச்சைத் தண்ணீரை அடுப்பில் வைக்கிற கதை.

ஐபோனுக்கும் இதே கணக்குதான். 2016-ல் ஒரு வாடிக்கையாளர், ஆப்களை அடிக்கடி மூடுவது பேட்டரிக்கு அவசியமா என்று ஆப்பிள் தலைவர் டிம் குக்குக்கு மின்னஞ்சலில் கேட்டார். மென்பொருள் பிரிவைக் கவனிக்கும் க்ரெய்க் ஃபெடரிகி பதில் அனுப்பினார்: அவசியமில்லை, தானும் அப்படி மூடுவதில்லை என்று. பத்து வருடமாகியும் நம் ஊர்க் கடைகளில் இன்னும் 'க்ளியர் ஆல்'தான் முதல் மருந்து.

மூட வேண்டிய ஆப்பும் உண்டு. சிக்கி நின்றுபோனது, வழி காட்டி முடித்தும் ஜிபிஎஸ்ஸை விடாத மேப், பின்னணியில் பாடிக்கொண்டே இருக்கும் பிளேயர் போன்றவை. ஆண்ட்ராய்டு 13 முதல் இதற்குத் தனி இடம் இருக்கிறது. நோட்டிஃபிகேஷன் திரையை இரண்டு தடவை கீழே இழுத்தால் அடியில் 'ஆக்டிவ் ஆப்ஸ்' என்று ஓர் எண் தெரியும். அதைத் தொட்டால் உண்மையிலேயே பின்னணியில் ஓடுகிறவை மட்டும் 'ஸ்டாப்' பட்டனோடு வரும். சில கம்பெனிகள் இதை ஒளித்து வைத்திருக்கின்றன, தேட வேண்டும். ரீசன்டில் பதினெட்டு சீட்டு நிற்கும் போனில் இங்கே இரண்டோ மூன்றோதான் இருக்கும். கடைக்காரர் தள்ளியிருக்க வேண்டியது அந்த இரண்டு மூன்றைத்தான்.

மேனேஜர் உள்ளே என்ன செய்கிறது

2015-ல் வந்த ஆண்ட்ராய்டு 6-ல் 'டோஸ்' சேர்ந்தது. திரை அணைந்து, சார்ஜரில் இல்லாமல், போன் அசையாமல் கிடந்தால் ஆப்களின் இணையத்தையும் பின்னணி வேலையையும் நிறுத்திவைக்கும். இடையிடையே மட்டும் கதவைத் திறந்து எல்லாரையும் ஒரே மூச்சில் வேலையை முடிக்க விடும். நேரமாக ஆக அந்த இடைவெளி நீளும். அடுத்த வருடத்துப் பதிப்பில், பாக்கெட்டில் ஆடிக்கொண்டிருந்தாலும் இதன் லேசான வடிவம் வேலை செய்யத் தொடங்கியது. 2018-ல் ஆண்ட்ராய்டு 9 'அடாப்டிவ் பேட்டரி'யைக் கொண்டுவந்தது. எந்த ஆப்பை எவ்வளவு அடிக்கடி தொடுகிறீர்கள் என்று பார்த்து ஒவ்வொன்றையும் ஒரு கூடையில் போடும். தினம் தொடுவது ஒரு கூடை, எப்போதாவது தொடுவது வேறு கூடை. பின்னால் 'ரெஸ்ட்ரிக்டட்' கூடையும் சேர்ந்தது. அதில் விழுந்த ஆப்புக்கு ஒரு நாளைக்கு ஒரு தடவை, அதுவும் 10 நிமிடம்தான் பின்னணி வேலைக்கு அனுமதி. போனை ரீசெட் செய்தாலோ புதிதாக வாங்கினாலோ உங்கள் பழக்கத்தைப் படித்துக்கொள்ள இதற்குச் சில நாள் பிடிக்கும். முதல் வாரத்திலேயே "புது போன் நிக்கவே இல்ல" என்று கடைக்கு ஓட வேண்டியதில்லை.

இது பாதிக் கிணறு. மீதியை நீங்கள் தாண்ட வேண்டும். ஆப் ஐகானை அழுத்திப் பிடித்து ஆப் இன்ஃபோ போய் 'பேட்டரி'யைத் தொட்டால் மூன்று நிலை வரும்: அன்ரெஸ்ட்ரிக்டட் (தடையே இல்லை), ஆப்டிமைஸ்டு (போனே பார்த்துக்கொள்ளும்), ரெஸ்ட்ரிக்டட் (பின்னணியில் அடக்கிவைக்கும்). புதிய பதிப்புகளில் 'அலோ பேக்ரவுண்ட் யூசேஜ்' என்ற ஒரே சுவிட்சாகவும், அதைத் தொட்டால் உள்ளே பிரிவாகவும் இருக்கும். கம்பெனிக்குக் கம்பெனி பெயர்தான் வேறு. சாம்சங்கில் பேட்டரி பக்கத்தில் 'பேக்ரவுண்ட் யூசேஜ் லிமிட்ஸ்' உண்டு. அதற்குள் 'டீப் ஸ்லீப்பிங் ஆப்ஸ்' பட்டியலில் போட்ட ஆப், நீங்களாகத் திறந்தால் ஒழிய எழுந்திருக்காது. ரெட்மி, போக்கோவில் ஆப் இன்ஃபோவிலேயே 'ஆட்டோஸ்டார்ட்' சுவிட்சும் 'பேட்டரி சேவர்' வரியும் இருக்கும். இரண்டையும் பார்க்க வேண்டும், ஒன்றை மட்டும் அணைத்தால் பின்வாசல் வழியாக வந்துவிடும். விவோவில் பேட்டரிக்குள் 'பேக்ரவுண்ட் பவர் கன்சம்ப்ஷன் மேனேஜ்மென்ட்'. ஒப்போ, ரியல்மியில் 'அலோ பேக்ரவுண்ட் ஆக்டிவிட்டி', 'அலோ ஆட்டோ லான்ச்' என்று இரண்டு சுவிட்ச்.

எதை அடக்குவது? ஷாப்பிங் ஆப்கள், ஒரு தடவை ரீசார்ஜ் செய்ய இறக்கி மறந்தவை, கடன் தருகிறேன் என்று தினம் மணியடிப்பவை, ஷார்ட் வீடியோ, விளையாட்டு, போனுடனே ஒட்டிக்கொண்டு வந்த பிரவுசர், தீம் கடை. இவற்றை ஒரே மூச்சில் ரெஸ்ட்ரிக்டடில் தள்ளலாம், எதுவும் குடிமுழுகிப் போகாது.

கை வைக்கக் கூடாதவை வேறு. அலாரம், வாட்ஸ்அப், பணம் வந்ததைச் சத்தமாகச் சொல்லும் வியாபாரி ஆப், டெலிவரி ஓட்டுகிறவர்களின் ஆர்டர் ஆப், சர்க்கரை சென்சாரோடு பேசும் ஆப் ஆகியவை. சந்தைக்குத் தக்காளி கொண்டுபோகிற விவசாயிக்கு வியாபாரியின் வாட்ஸ்அப் குரல் செய்தி ஒரு மணி நேரம் தாமதமாக வந்தால் அவர் மிச்சம் பிடித்த ஐந்து சதவீதத்தால் என்ன லாபம்? டெலிவரி ஆப்பை அன்ரெஸ்ட்ரிக்டடில் வைக்காமல் "ஆர்டரே விழல" என்று புலம்புகிறவர்கள் ஓசூரில் நிறைய. அந்த ஆப் பேட்டரியைத் தின்னத்தான் செய்யும், அது தொழில் செலவு.

வாட்ஸ்அப்பைத் திறந்தே வைத்தால்தான் செய்தி வரும் என்ற நம்பிக்கைக்கும் அடிப்படை இல்லை. செய்தி வந்ததைச் சொல்ல கூகுளின் ஒரே ஒரு பொது இணைப்பு போதும், எல்லா ஆப்பும் அதைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. வாட்ஸ்அப்பில் தின்பது வேறு: முப்பது குழுவில் இருந்து தானாக இறங்கும் வீடியோ, எட்டு மணி நேரத்துக்குப் போட்டு மறந்த லைவ் லொகேஷன். செட்டிங்ஸில் 'ஸ்டோரேஜ் அண்ட் டேட்டா' போய், மொபைல் டேட்டாவில் எதுவும் தானாக இறங்காதபடி டிக் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. 'ஃபோர்ஸ் ஸ்டாப்' வேறு, 'ரெஸ்ட்ரிக்டட்' வேறு. ஃபோர்ஸ் ஸ்டாப் அடித்த ஆப்புக்கு நீங்கள் மறுபடி திறக்கும்வரை எந்த அறிவிப்பும் வராது, அது வைத்த அலாரமும் அடிக்காது. பேட்டரி மிச்சம் பிடிக்க அலார ஆப்பை ஃபோர்ஸ் ஸ்டாப் செய்தவர் விடியற்காலை பஸ்ஸை விட்டதற்குப் போனைத் திட்டிப் பயனில்லை.

மூன்று ராத்திரி சோதனை

கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டியது இது. பணம் செலவில்லை, மூன்று ராத்திரி போதும். இரவு 10 மணிக்கு சதவீதத்தைக் குறித்துக்கொண்டு, போனை அசையாத இடத்தில் வைத்து, காலை 6 மணிக்குப் பார்க்க வேண்டும். மூன்று நாளும் ஏறத்தாழ 80 சதவீதத்தில் தொடங்கினால் ஒப்பிட வசதி.

முதல் ராத்திரி எதையும் மாற்றாமல் விடுங்கள். 5,000 எம்ஏஎச் (பேட்டரியின் கொள்ளளவைச் சொல்லும் அளவு) போனில் 8 மணி நேரத்தில் 3 முதல் 5 சதவீதம் இறங்கினால் நல்ல போன். 5 சதவீதம் என்பது 250 எம்ஏஎச், அதாவது சராசரியாக 31 மில்லிஆம்பியர் இழுவை. 12, 15 என்று இறங்கினால் எங்கோ ஓட்டை.

இரண்டாம் ராத்திரி ஏரோப்ளேன் மோட், வைஃபையும் அணைத்து. இறக்கம் 1 அல்லது 2 சதவீதத்துக்கு வந்துவிட்டால் பேட்டரியும் உள்ளே இருக்கும் சர்க்யூட் போர்டும் குற்றமற்றவை. அப்போதும் 8, 10 என்று இறங்கினால் செட்டிங்ஸில் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். ஒன்று பேட்டரி கிழண்டுவிட்டது, அல்லது போர்டில் லீக்கேஜ், அதாவது மின்கசிவு.

மூன்றாம் ராத்திரி ஏரோப்ளேனை எடுத்துவிட்டு, சிம் மட்டும் இருக்கட்டும், மொபைல் டேட்டாவும் வைஃபையும் அணைந்திருக்கட்டும். இறக்கம் குறைந்துவிட்டால் குற்றவாளி ஏதோ ஓர் ஆப், மேலே சொன்ன ரெஸ்ட்ரிக்டட் வேலை பலிக்கும். டேட்டா அணைத்தும் முதல் ராத்திரி அளவுக்கே இறங்கினால் உங்கள் வீட்டில் சிக்னல் மோசம். எந்த ஆப்பை மூடினாலும் அது தீராது. ஊர்க்கோடியில், மலையடிவாரத்தில், ஷீட் கூரைக்குக் கீழே இருப்பவர்களுக்குப் பெரும்பாலும் இந்த விடைதான் வரும்.

சிக்னல் என்னும் பங்காளி

டவர் தூரமானால் போன் உரக்கக் கத்த வேண்டும். 4ஜி-யில் சாதாரண போன் ஆன்டெனா வழியாக அனுப்பும் சக்தி அதிகபட்சம் 200 மில்லிவாட். அதை வெளியே தள்ள உள்ளே உள்ள ஆம்ப்ளிஃபையர் பேட்டரியில் இருந்து உறிஞ்சுவது அதைவிட அதிகம். டவருக்குப் பக்கத்தில் இருக்கும்போது இதில் சொற்ப அளவே போதும். சிக்னல் அறவே இல்லாவிட்டால் இன்னும் மோசம், போன் அலைவரிசை அலைவரிசையாகத் துழாவிக்கொண்டே இருக்கும்.

கோடு எத்தனை என்று பார்த்து ஏமாற வேண்டாம், கம்பெனிக்குக் கம்பெனி கோடு போடும் கணக்கு வேறு. அபவுட் போன் → ஸ்டேட்டஸ் → சிம் ஸ்டேட்டஸ் போனால் 'சிக்னல் ஸ்ட்ரெந்த்' என்று மைனஸில் ஓர் எண், பக்கத்தில் டிபிஎம் என்று இருக்கும். 4ஜி-யில் மைனஸ் 90-ஐ ஒட்டி இருந்தால் சௌக்கியம். மைனஸ் 110-ஐத் தாண்டினால் போன் கஷ்டப்படுகிறது. மைனஸ் 120 என்றால் கிணற்றுக்குள் இருந்து பேசுகிறது. வீட்டுக்குள்ளேயே இரண்டு இடத்தில் வைத்துப் பாருங்கள். பீரோ மேல் 112, ஜன்னலோரம் 98 என்று வந்தால் ராத்திரி போன் ஜன்னலோரம் தூங்கட்டும்.

வத்தல்மலைக்கோ சித்தேரிக்கோ ஏறுகிறவர்கள், அஞ்செட்டியில் இருந்து காட்டு வழியாக ஒகேனக்கல் இறங்குகிறவர்கள் கீழேயே ஏரோப்ளேன் மோட் போட்டுவிடுவது நல்லது. ஜிபிஎஸ்ஸுக்கு டவர் தேவையில்லை, மேப்பை முன்கூட்டியே ஆஃப்லைனில் இறக்கியிருந்தால் ஏரோப்ளேன் மோடிலும் வழி காட்டும். இரண்டு சிம் போட்டிருப்பவர்கள் மலையில் எடுக்காத சிம்மை மட்டும் செட்டிங்ஸில் அணைத்துவிடலாம். பேங்க் ஓடிபி எந்த சிம்முக்கு வரும் என்று பார்த்துவிட்டு அணையுங்கள்.

ஓசூர் பக்கம் வேறு தொல்லை. ஜூஜூவாடி, தளி போன்ற எல்லை ஊர்களில் தமிழ்நாட்டு டவரையும் கர்நாடக டவரையும் போன் மாற்றி மாற்றிப் பிடிக்கும், ஒவ்வொரு தாவலுக்கும் புதிதாகப் பதிவு நடக்கும். நெட்வொர்க்கைக் கையால் தேர்ந்தெடுத்துப் பூட்டலாம். ஆனால் தினம் எல்லை தாண்டி வேலைக்குப் போகிறவர் அதைச் செய்தால் பாதி வழியில் சிக்னல் அறுந்து நிற்பார். வீட்டோடு இருப்பவர்களுக்கு மட்டும் அது சரி.

5ஜி ஒரு நிமிடம் வந்து மறு நிமிடம் போகும் இடத்தில் 'ப்ரிஃபர்ட் நெட்வொர்க் டைப்'பை 4ஜி-க்கு இறக்குங்கள். வீட்டில் பிராட்பேண்ட் இருந்து டவர்தான் எட்டவில்லை என்றால் 'வைஃபை காலிங்'கை இயக்கிவிட்டு, ஏரோப்ளேன் மோட் போட்டு, வைஃபையை மட்டும் திறந்து வையுங்கள். ஜியோ, ஏர்டெல் இரண்டிலும் கால் வைஃபை வழியாகவே வரும், போகும். இரண்டு மாவட்டத்துக் கிராமங்களுக்கும் இதைவிடப் பலன் தரும் ஒரு செட்டிங் இல்லை. அதைத் தானாகச் செய்யும் புத்தி எந்த பேட்டரி மேனேஜருக்கும் இல்லை.

இதைப் பட்டியலிலும் பிடிக்கலாம். பேட்டரி யூசேஜ் பக்கத்தில் ஆப் வாரியாகக் காட்டுவதை 'சிஸ்டம்ஸ்' வாரியாக மாற்றினால் 'மொபைல் நெட்வொர்க்' என்று ஒரு வரி தெரியும். அது மேல்வரிசையில் நின்றால் ஆப்களை விட்டுவிட்டு டவரைப் பாருங்கள். பெரும்பாலானவர்கள் ஆப் பட்டியலோடு நின்றுவிடுவதால் இந்த வரி கண்ணிலேயே படுவதில்லை. மேனேஜருக்கு மார்க் குறைப்பதென்றால் இந்த ஒளிவுமறைவுக்குத்தான் முதலில் குறைக்க வேண்டும்.

வெயில்

ஆப்பும் சிக்னலும் அன்றைய சார்ஜைத் தின்னும். வெயில் பேட்டரியின் ஆயுளையே தின்னும். ஐபோனுக்கு ஆப்பிள் சொல்லும் வெளி வெப்பநிலை 0 முதல் 35 டிகிரி வரை. அதற்கு மேல் போனால் பேட்டரியின் கொள்ளளவு நிரந்தரமாகக் குறையலாம் என்று அவர்களே எழுதியிருக்கிறார்கள். சித்திரை வெயிலில் நிழலிலேயே நமக்கு அதைத் தாண்டிவிடும். பைக் ஹேண்டிலில், லாரி கண்ணாடிக்குப் பின்னால் கறுப்பு போன் படும் பாட்டைச் சொல்ல வேண்டாம்.

லித்தியம்-அயான் செல்லைப் பற்றிப் புழங்கும் ஒரு கணக்கு: 40 டிகிரியில், 40 சதவீத சார்ஜில் ஒரு வருடம் வைத்தால் கொள்ளளவு 85 சதவீதத்துக்கு இறங்கும். அதே சூட்டில் முழு சார்ஜில் வைத்தால் 65-க்கு. சூடும் நிரம்பிய வயிறும் சேரக் கூடாது என்பதுதான் இதன் பொருள். மாங்காய் சீசனில் நாள் முழுக்க லோடு ஓட்டுகிற டிரைவர், மேப் ஓட, திரை முழு வெளிச்சத்தில் எரிய, வண்டி சார்ஜரில் 100-லேயே நிறுத்தி, கண்ணாடியோரம் வெயிலில் போனை மாட்டி வைத்தால் எல்லாத் தீமையையும் ஒரே இடத்தில் கூட்டியாயிற்று. போனை ஏசி காற்று படும் இடத்துக்கு இறக்குங்கள், ஏசி இல்லாத வண்டியில் டேஷ்போர்டுக்குக் கீழே நிழலுக்கு. 80 ஆனதும் வயரை உருவுங்கள். சாம்சங்கில் 'பேட்டரி ப்ரொடெக்ஷன்' போய் 'மேக்ஸிமம்' வைத்தால் அதுவே 80-ல் நின்றுகொள்ளும். ஐபோன் 15 முதல் அதே 80 வரம்பு உண்டு. சூட்டில் சார்ஜ் மெதுவாக ஏறினாலோ நின்றுவிட்டாலோ சார்ஜரைத் திட்டாதீர்கள், போன் தன்னைக் காப்பாற்றிக்கொள்கிறது. ஃப்ரிட்ஜில் மட்டும் வைக்க வேண்டாம், உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

டார்க் மோடைப் பற்றி ஒரே வரி. கறுப்பு இடத்தில் விளக்கே எரியாத அமோலெட் திரையில்தான் அது பலிக்கும், அதுவும் வெளிச்சம் முழுசாக இருக்கும்போது. அமெரிக்காவின் பர்டியூ பல்கலைக்கழகம் 2021-ல் அளந்ததில் முழு வெளிச்சத்தில் 39 முதல் 47 சதவீதம்வரை மிச்சம், 30–50 சதவீத வெளிச்சத்தில் வெறும் 3 முதல் 9. எல்சிடி திரை வைத்திருப்பவர்கள் கண்ணுக்காகப் போட்டுக்கொள்ளலாம்.

வெளி ஆப்கள்

க்ளீனர், பூஸ்டர், சேவர் என்று எந்தப் பெயரில் வந்தாலும் மார்க் பூஜ்யம். பின்னணி ஆப்பைக் கொல்ல இவை பயன்படுத்தி வந்த கட்டளை, ஆண்ட்ராய்டு 14-ல் இருந்து தன் சொந்த ஆப்பை மட்டுமே கொல்லும். ஆகவே அந்தச் சுற்றும் சக்கரமும் "1.2 ஜிபி விடுவிக்கப்பட்டது" என்ற பச்சை எழுத்தும் பெரும்பாலும் பொம்மலாட்டம். மிச்சம் இருப்பது ஆக்சஸிபிலிட்டி அனுமதி வாங்கி, உங்கள் விரலுக்குப் பதிலாக ஃபோர்ஸ் ஸ்டாப் பட்டனை அமுக்குவது. திரையில் தெரிவதையெல்லாம் படிக்கக்கூடிய அனுமதி அது, விளம்பரம் காட்டிப் பிழைக்கும் ஆப்புக்கு அதைக் கொடுப்பது வீட்டுச் சாவியைப் பேப்பர்க்காரரிடம் கொடுப்பதற்குச் சமம். எடுக்கும்போது முதலில் செட்டிங்ஸ் → ஆக்சஸிபிலிட்டியில் அணைத்துவிட்டுப் பிறகு அன்இன்ஸ்டால் செய்யுங்கள்.

அளக்கிற ஆப் வேறு ஜாதி. அக்யூபேட்டரி அதில் உருப்படியானது. சார்ஜ் ஏறும்போது உள்ளே போகும் மின்னோட்டத்தைக் கூட்டி, உங்கள் பேட்டரியில் இப்போது எத்தனை எம்ஏஎச் மிச்சம் என்று கணக்குப் போடும். ஒரு தடவை சார்ஜ் போட்டு வரும் எண்ணை நம்பாதீர்கள், பத்துப் பதினைந்து தடவை போனால்தான் நிலைக்கும். இரட்டை செல் வைத்த அதிவேக சார்ஜ் போன்களில் பாதி எண்தான் காட்டும், பயந்துபோய்க் கடைக்கு ஓட வேண்டாம். இரண்டு மூன்று வாரம் வைத்து எண்ணைப் பார்த்துவிட்டு எடுத்துவிடலாம்.

பேட்டரி மாற்றும் வேளை வந்தால்

30 சதவீதத்தில் பொட்டென்று அணைவது, கேமரா திறந்ததும் அணைவது, இரண்டாம் ராத்திரி சோதனையில் தோற்றது ஆகிய மூன்றில் ஒன்று இருந்தால் செட்டிங்ஸ் போதாது. ஐபோன் 14 வரையிலான மாடல்களுக்கு ஆப்பிள் சொல்வது 500 முழு சார்ஜ் சுற்றுக்குப் பிறகும் கொள்ளளவில் 80 சதவீதம் தாங்கும் என்று, 15 முதல் 1,000 சுற்று. தினம் ஒரு முழுச் சுற்று போகும் போனில் 500 என்பது ஒன்றரை வருடத்துக்குள் வந்துவிடும். பின்மூடி எழும்பி நின்றாலோ பேட்டரி உப்பியிருந்தாலோ சதவீதத்தைப் பார்க்கவே வேண்டாம், அன்றைக்கே சார்ஜ் போடுவதை நிறுத்துங்கள்.

தர்மபுரி நாலு ரோடானாலும் கிருஷ்ணகிரி ரவுண்டானாவானாலும் கடையை எடைபோட மூன்று கேள்வி போதும். "டிசி மெஷின்ல போர்டு பாத்தீங்களாண்ணா?" என்பது முதல் கேள்வி. பேட்டரியைக் கழற்றிப் போர்டுக்கு டிசி மெஷினில் (பேட்டரிக்குப் பதிலாக மின்சாரம் கொடுத்து அளக்கும் கருவி) 4 வோல்ட் அளவில் கொடுத்து, பவர் பட்டனை அமுக்காமல் மீட்டரைப் பார்த்தால் பூஜ்யம் காட்ட வேண்டும். 30 மில்லிஆம்பியர் ஓடினால் ஒரு நாளைக்கு 720 எம்ஏஎச் சும்மா கரைகிறது, 5,000-ல் 14 சதவீதம். அந்தப் போர்டில் எத்தனை புது பேட்டரி போட்டாலும் மத்தியானம் முப்பதுதான். இதைப் பார்க்காமல் நேராக பேட்டரி மாற்றுகிற கடையில் பலர் இரண்டு தடவை காசு கொடுக்கிறார்கள்.

இரண்டாவது, பேட்டரியைக் கையில் வாங்கிப் பாருங்கள். ரெட்மிக்கு பிஎன், ரியல்மி, ஒப்போவுக்கு பிஎல்பி, சாம்சங்குக்கு ஈபி என்று தொடங்கும் மாடல் எண் பழையதோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். ஐஎஸ் 16046 என்ற இந்தியத் தர எண்ணும், ஆர் என்று தொடங்கும் பதிவு எண்ணும் ஸ்டிக்கரில் இருக்க வேண்டும். ஒரிஜினல் 5,000 என்றிருக்க, அதே அளவுப் பெட்டியில் 6,500 என்று ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் அது ஸ்டிக்கரின் கொள்ளளவு. சந்தேகம் இருந்தால் எடை போடச் சொல்லுங்கள். 5,000 எம்ஏஎச் செல் 70 கிராமை ஒட்டி இருக்கும், 50 கிராம் காட்டினால் உள்ளே இருப்பது வேறு.

மூன்றாவது, பழையதை எப்படி எடுக்கிறார் என்று பாருங்கள். பின்மூடியைச் சூடாக்கி பிளாஸ்டிக் சீட்டால் திறந்து, முதல் வேலையாக பேட்டரி கனெக்டரைப் பிரிக்க வேண்டும். ஒட்டியிருக்கும் செல்லை இழுக்க நாடா இருக்கும். நாடா அறுந்திருந்தால் ஓரத்தில் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால் விட்டு, இரண்டு நிமிடம் பொறுத்து, பிளாஸ்டிக்கால் கிளப்புவார் விஷயம் தெரிந்தவர். ஸ்க்ரூடிரைவரைக் கொடுத்து நெம்பினால் எழுந்து தள்ளி நில்லுங்கள், குத்துப்பட்ட செல் பற்றிக்கொள்ளும். மூடியை ஒட்டி, க்ளிப் போட்டு ஒரு மணி நேரமாவது வைக்காமல் சுடச்சுடக் கையில் கொடுத்தால் ஒரு வாரத்தில் மூடி வாய் திறக்கும். எந்தக் கடையில் திறந்தாலும் தண்ணீர் புகாது என்ற பழைய உத்தரவாதம் போயிற்று என்றே வைத்துக்கொள்ளுங்கள், ஒகேனக்கல் அருவிச் சாரலில் பழைய தைரியம் வேண்டாம். வாங்கும்போது அங்கேயே கைரேகை, ஸ்பீக்கர், சார்ஜ் ஏறுகிறதா என்று மூன்றையும் பார்த்து, வாரண்டி எத்தனை மாதம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள்.

கம்பெனி சர்வீஸ் சென்டரா, ஊர்க் கடையா என்றால், பல கம்பெனிகள் பேட்டரி விலையைத் தங்கள் தளத்திலேயே போட்டிருக்கின்றன. அதைப் பார்த்துவிட்டுக் கடையில் கேளுங்கள். வித்தியாசம் சில நூறு ரூபாய்தான் என்றால் கம்பெனிக்கே போகலாம்.

கழற்றிய பழைய செல்லைக் குப்பையில் போட வேண்டாம். முனைகள் மேல் டேப் ஒட்டி, பேட்டரி திரும்ப வாங்கும் சர்வீஸ் சென்டரில் கொடுத்துவிடுங்கள். உப்பிய செல்லாக இருந்தால் பாக்கெட்டிலோ பைக் பெட்டியிலோ வைத்து எடுத்துப்போகாமல், கடைக்காரரிடமே மண் போட்ட டப்பாவில் வைக்கச் சொல்லிவிட்டு வாருங்கள்.